ரவாங் குட்டைக்கு இரண்டு கட்டி ஐஸ்

இதில் கற்பனை கிடையாது. அய்யாவு ரவாங் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து சொல்லி, எழுதப்பட்டு, அடியில் கையெழுத்தும் போட்ட விஷயம் இது. அன்று அவரோடு இருந்த இரண்டு பேரையும் தனித்தனியாக வைத்து விசாரித்தார்கள். நாள், மணி, இடம் எதுவும் மாறவில்லை. பொய் சொல்கிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் இடறுவார்கள். இவர்கள் இடறவில்லை.

மலாய் நாடு. 1929, ஆகஸ்ட் மாதம்.

அய்யாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ரயில்வேயில் சிக்னல் ஃபிட்டர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் குடியிருந்தார். எதையும் சட்டென்று நம்பாத மனுஷர். இங்கே கம்பியை இழுத்தால் அங்கே சிக்னல் கை இறங்கிவிடும் என்று நினைக்கிறவன் சிக்னல் வேலைக்கு லாயக்கில்லை என்பார். தானே நடந்து போய்ப் பார்த்த பிறகுதான் அவருக்கு மனசு ஆறும்.

அவருடைய ஒரே பொழுதுபோக்கு தூண்டில். அதற்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் கிஃபாயத்துல்லா, ஸ்டேஷனுக்கு அருகில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். மற்றவர் பக்கிரிசாமி, எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். வேலை முடிந்ததும் கிஃபாயத்துல்லா கடையின் பின்மேசையில் மூவரும் சேர்ந்துகொண்டு, அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடுவார்கள்.

ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளமாகிவிடும். ஈயக்குட்டை என்பார்கள். வெயில் மாதங்களில் குட்டை வற்றும், விரால் மீன் அடியில் ஒதுங்கும். மழை பிடித்துவிட்டால் தண்ணீர் ஏறிவிடும். அதோடு அந்த வருஷத்து மீன்பிடிப்பு முடிந்தது. அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நாள் மிச்சம் இருந்தது.

ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை. மாலை 6.20.

"ரவாங் மலைச்சரிவுல ஒரு குட்டை இருக்குண்ணே. யாரும் போறதில்ல. வெரால் ஒவ்வொண்ணும் தொடை மொத்தம்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சின் கோடியில் ஒல்லியாக, உயரமாக ஒருவர். வெள்ளைச் சட்டை. அதில் ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு நூலால் தைத்திருந்தது. பெயர் சின்னையா, சாலாக் செலாத்தானில் வீடு என்றார்.

பக்கிரிசாமி கூட்டி வந்த ஆள் போலிருக்கிறது என்று அய்யாவு நினைத்துக்கொண்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சரியாக 6.20. வாசல் வழியாக நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை. பேச்சு மும்முரத்தில் நிமிர்ந்தால், பெஞ்சில் இருப்பார். டீ கேட்பார். கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார், குடிக்க மாட்டார்.

"ஆறிப்போகுது, குடிங்க" என்றார் கிஃபாயத்துல்லா.

"குளிருது பாய். கையில இருக்கட்டும்."

ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் கடைக்குள் விசிறி இல்லாமல் யாரும் உட்கார முடியாது. அவருக்குக் குளிர்ந்தது.

அவர் எழுந்து போனபின் பெஞ்சில் ஈரம் இருந்தது. அய்யாவு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். சேற்று வாடை.

என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சின்னையா சொல்லிக்கொண்டே வந்தார். தூண்டில் பற்றி அதிகம் பேசவில்லை. முப்பதடிக் கயிறு. நீளமான தொரட்டி. பெரிய கோணிகள் நாலு. இரண்டு முழுக்கட்டி ஐஸ், மரத்தூளில் பொதிந்து.

"வெரால் புடிக்கத் தொரட்டி எதுக்கு?" என்று கேட்டார் அய்யாவு.

"அடியில கெளைங்க கெடக்குண்ணே. மாட்டிக்கும்."

"ஒரு மூட்டை மீனுக்கு ரெண்டு கட்டி ஐஸா?"

சின்னையா அவரையே பார்த்தார். "ஆறடிக்கு வேணும்ண்ணே."

"எது ஆறடி?"

சின்னையா டீ கிளாஸைக் கீழே வைத்தார். பால் ஆடை கட்டி, தொடாமல் அப்படியே இருந்தது.

அய்யாவுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. கயிறு, கோணி, தொரட்டி... இது மீன் பிடிக்கப் போகிற கூட்டத்தின் சாமான் இல்லை. திருட்டு ஈயமா? கஞ்சாவா? எதையோ குட்டையில் ஒளித்து வைத்திருக்கிறான். எடுப்பதற்கு ரயில்வேக்காரர்கள் கூட இருந்தால் போலீஸ் சந்தேகப்படாது. அதுதான் கணக்கு என்று தீர்மானித்தார்.

வியாழக்கிழமை மாலை சின்னையா எழுந்ததும் பின்னாலேயே போனார். மணி 6.55. சின்னையா தண்டவாளத்தில் இறங்கி, குறுக்குக் கட்டை ஒவ்வொன்றாக மிதித்து நடந்தார். திரும்பவில்லை. சிக்னல் கம்பம் தாண்டியதும் ஒரு கூட்ஸ் வண்டி குறுக்கே வந்தது. வண்டி போனபின் ஆளைக் காணோம்.

கட்டைகளில் ஈரக் காலடிகள் இருந்தன. அய்யாவு குனிந்து, ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார். பதினோராவது கட்டையில் நின்றுபோயின. இடப்பக்கம் சரளை காய்ந்திருந்தது. வலப்பக்கமும் காய்ந்திருந்தது.

நேராகக் கடைக்குத் திரும்பினார்.

"மாப்ளே, இந்த ஆள உனக்கு எப்படிப் பழக்கம்?"

பக்கிரிசாமி விழித்தார். "எனக்கா? பாயோட ஆளுன்னுல்ல நெனச்சேன்."

கிஃபாயத்துல்லா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "யா அல்லா. உங்க ஆளுன்னுதானே தெனம் டீ கொடுக்கறேன்!"



பயணத்தைக் கைவிடலாம் என்றார் கிஃபாயத்துல்லா. அய்யாவு கேட்கவில்லை. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், நேரில் போய்ப் பார்க்காமல் விட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். பக்கிரிசாமிக்கோ விரால் ஆசை. கடைசியில் மூவரும் போவது என்று முடிவாயிற்று. சின்னையா சொன்ன சாமான் ஒன்றையும் குறைக்கவில்லை. குறைத்தால் அவன் உஷாராகிவிடுவான் என்றார் அய்யாவு. அவர் மட்டும் இடுப்பில் ஒரு பெரிய ஸ்பானரைச் செருகிக்கொண்டார்.

அடுத்த வாரமும் சின்னையா தவறாமல் வந்தார். ஆகஸ்ட் முப்பத்தொன்று, சனிக்கிழமை, சின்னையா கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நாளைக்கே போயிடணும்ண்ணே. திங்கட்கிழமைன்னா தண்ணி ஏறிடும்."

செப்டம்பர் ஒன்று. விடியற்காலை ரயில். ஐஸ் கட்டிகள் கடைசிப் பெட்டியான கார்டு வண்டியில். ரவாங்கில் இறங்கும்போது மணி 7.15. ஸ்டேஷனில் நிற்பதாகச் சொன்ன சின்னையா அங்கே இல்லை.

ஒரு தள்ளுவண்டி கிடைத்தது. அதில் சாமானை ஏற்றிக்கொண்டு ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாத் தோப்பு வழியே மலைப்பாதையில் ஏறினார்கள். பாதி தூரத்தில் பக்கிரிசாமி கை காட்டினார்.

முன்னால், ஒரு திருப்பத்தில், வெள்ளைச் சட்டை.

"சின்னையா!" என்று கூப்பிட்டார் அய்யாவு.

நிற்கவில்லை. இவர்கள் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார். வண்டிச் சக்கரம் சிக்கி இவர்கள் நின்றால், அவரும் நின்றார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

9.10. குட்டை.

மலை மூன்று பக்கமும் சுவர் மாதிரி நின்றது. தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. மேலே மெல்லிய பனி. பூச்சிச் சத்தம்கூட இல்லை.

சின்னையா அங்கே இல்லை.

சுற்றுமுற்றும் தேடினார்கள். ஒளித்து வைத்த மூட்டை எதுவும் இல்லை. அய்யாவுக்குத் தான் ஏமாந்துபோன மாதிரி இருந்தது. வந்ததுக்குத் தூண்டிலாவது போடலாம் என்றார் பக்கிரிசாமி. மூன்று பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து போட்டார்கள்.

காற்று இல்லை. நீரோட்டம் இல்லை. ஆனாலும் மூன்று தக்கைகளும் நகர்ந்தன. ஒரே பக்கம். மெதுவாக... வடக்கு மூலையில், சரிந்து கிடந்த மண்ணுக்குக் கீழே போய், மூன்றும் ஒன்றாக நின்றன.

இழுத்தார்கள். வரவில்லை.

9.40. "தொரட்டிய எடு" என்றார் அய்யாவு. தன் குரல் தனக்கே வேறு மாதிரி கேட்டதாம்.

தொரட்டி மாட்டியது. கனமாக இருந்தது.

கயிறு கட்டினார்கள். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மண் புளுக்கென்று சத்தம் போட்டு, பிடியை விட்டது.

முதலில் ஒரு கை.

பிறகு வெள்ளைச் சட்டை.

கிஃபாயத்துல்லா கயிற்றை விட்டுவிட்டு ஓதத் தொடங்கினார். அய்யாவு விடவில்லை. கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுக் குனிந்தார். முகம் தெரிகிற நிலையில் இல்லை.

பொத்தான் இருந்தது. சிவப்பு நூல்.

"அண்ணே..."

காதுக்குப் பக்கத்தில். மிகப் பக்கத்தில். மூன்று பேருக்கும் கேட்டது.

"இப்ப ஐஸ் வைங்க."

யாரும் இல்லை.

பக்கிரிசாமி போலீஸைக் கூப்பிட ரவாங்குக்கு ஓடினார். மற்ற இருவரும் ஐஸை உடைத்து, கோணியில் வைத்து, உடலைச் சுற்றி அடுக்கினார்கள். ஆறடி நீளத்துக்கு அந்த இரண்டு கட்டி சரியாக இருந்தது. மிச்சமும் இல்லை, குறையவும் இல்லை.

போலீஸ் உடலைக் கீழே இறக்கியபோது மணி 2.40. அப்போது முதல் இடி இடித்தது. இரவெல்லாம் கொட்டிய மழையில், காலையில் அந்தக் குட்டை கரைவரைக்கும் நிறைந்து கிடந்ததாம்.

இதற்குப் பிறகுதான் அய்யாவுக்கு வினை. சின்னையா செத்துப் பதினாலு நாள் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். பின்மண்டையில் அடி, மண் சரிந்து கல் விழுந்ததா, யாராவது அடித்ததா, சொல்ல முடியவில்லை. இன்ஸ்பெக்டர் மேசையில் கயிற்றையும் தொரட்டியையும் வைத்துவிட்டுக் கேட்டார். மீன் பிடிக்கப் போன ஆளுக்கு ரெண்டு கட்டி ஐஸ் எதுக்கு? பொணம் அங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

தான் சின்னையாவைக் கேட்ட அதே கேள்வி. அய்யாவு நடந்ததைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரிக்கக்கூட இல்லை.

சின்னையாவின் மனைவி புஷ்பவல்லியை அழைத்து வந்தார்கள். கண்ணீர் வற்றிப்போன முகம். ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிறு காலையில் புருஷன் மீன் பிடிக்கப் புறப்பட்டதாகச் சொன்னாள்.

"தனியா இல்லைங்க. பிரிக்பீல்ட்ஸ் கூட்டாளிங்க மூணு பேரு வராங்கன்னு சொன்னாரு. நான் அவங்களப் பாத்ததில்ல."

முதலில் தங்களையே சொல்வது போல அய்யாவுக்குப் பட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் வந்தது. அப்படியானால் கொன்றவர்கள் வேறு மூன்று பேர். அதைக் கண்டுபிடிக்கத்தான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தார்.

பத்து நாள் கழித்து ஒரு சாட்சி கிடைத்தான். குட்டைக்குப் போகும் பாதையில், பழைய ஈயச் சுரங்கத்துக் காவல்காரன், வயதான சீனன். அந்த ஞாயிறு ஆட்கள் ஏறிப்போனதைப் பார்த்தவன். அய்யாவு மற்ற இருவரோடும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆவலோடு போனார். அந்த மூன்று பேர் யார் என்று தெரிந்துவிடும்.

சீனன் மலாயில் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"நாலு பேர் ஏறினாங்க. மூணு பேர் எறங்கினாங்க."

"அந்த மூணு பேரைத் திரும்பப் பாத்தா அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

கிழவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். கையை நீட்டினான். முதலில் கிஃபாயத்துல்லாவை. பிறகு பக்கிரிசாமியை. கடைசியில் அய்யாவை.

நல்லவேளை, சாட்சியம் கையில் இருந்தது. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி அய்யாவு வேலையில் இருந்தார். டியூட்டி புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறது. பக்கிரிசாமி சிரம்பான் போகும் ரயில் எஞ்சினில். கிஃபாயத்துல்லா கடையில், நாற்பது பேர் பார்க்கச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். கிழவனுக்குக் கண் சரியில்லை என்று எழுதி, மூவரையும் விட்டுவிட்டார்கள்.

அய்யாவு விடவில்லை. வெளியே கிழவனைத் தனியாகப் பிடித்தார். அவருக்கும் மலாய் தெரியும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. எறங்கினது நாங்கதானா?"

"நீங்கதான்" என்றான் கிழவன். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆனா பொழுது சாஞ்சதும் மூணு பேரும் மறுபடி மேல ஏறினீங்க."

"அப்புறம்?"

"அந்தப் பாதையிலதான் நான் ராப்பகலா இருக்கேன். அப்புறம் நீங்க பொணத்தோட எறங்கினதும் பாத்தேன். ஆனா அன்னிக்கு ஏறின அந்த மூணு பேர்..."

கிழவன் மலைப்பக்கம் பார்த்தான்.

"இன்னும் எறங்கல."