ரோசம்மா படிக்கும் புத்தகம்

தோழிகளே, யார் என்ன படிக்கிறீர்கள் என்று இந்தச் சுற்றுத்தாளில் கேட்பதற்குமுன், இன்று காலை ஈப்போ ரயிலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ரோசம்மா, என்னருகில் ஒரு கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவள் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியார் வந்து உட்கார்ந்தார். தோட்டத்துக்கு வரும் தபாலையெல்லாம் முதலில் பிரிப்பவர் அவர். அவர் பிடுங்கிய புத்தகம் திரும்பி வராது.

"ஏ புள்ள, இது எனக்குத் தெரியாம எப்படி வந்துச்சு? குடு இங்க."

"அது என்னுடையது" என்றேன். அந்தத் தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்தும் நான் கதைப் புத்தகம் தொட்டதே இல்லை.

"பி.ஏ. படிச்ச டீச்சரம்மாவா? அப்ப கதையச் சொல்லுங்க, கேப்போம்."

நான் ரோசம்மா கையிலிருந்த அட்டையில் தலைப்பைத் தேடினேன்.

ரோசம்மா நிமிர்ந்தாள். "புத்தகம் என்னோடது ஐயா. நானே சொல்றேன். ஒரு கிராணி ஊரார் கடுதாசியப் பிரிச்சுப் படிச்சே சீரழிஞ்சு போறாரு. முடிச்சிட்டுத் தரவா?"

ஈப்போ வரும்வரை அவர் ஜன்னலையே பார்த்தார்.

இறங்கியதும் கேட்டேன்: "நிஜமாகவே அதில் கிராணி வருகிறாரா?"

"இன்னும் வரலக்கா. பாதிதான் படிச்சிருக்கேன்."

அவளுக்குப் பிறகு அதைப் படிக்கப் போவது நான். உங்கள் புத்தகங்களைக் கீழே எழுதுங்கள். தோட்டம் தோட்டமாய்த் தபாலில் வரும் இந்தத் தாளையும் கிராணிமார்தான் பிரிப்பார்கள். அவர்களும் ஆளுக்கொரு வரி எழுதட்டும்.