லாபம், ரெண்டு, மூணு

தண்ணீர்த் தொட்டியில் ஒற்றைச் சொட்டு விழுகிற சத்தம். இப்போதெல்லாம் ரயிலில் யாருடைய செல்போனாவது அப்படி ஒலித்தால் போதும், திருத்தணி ஆஸ்பத்திரியில் அந்த நீல நாற்காலிக்கே போய்விடுகிறேன். பக்கத்தில் நைனா, என் அப்பா. அவர் முன்னால் மேசையில் ஒரு டேப்லெட். அதற்குள்ளிருந்து கேள்வி கேட்கிற பெண்குரல். சொன்ன பதில் அதற்குப் பிடிபடாவிட்டால் அந்தச் சொட்டு விழும்.

வயதானவர்களின் ஞாபகசக்தியைக் கம்ப்யூட்டரில் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து நான்தான் அவரை பஸ்ஸில் கூட்டி வந்திருந்தேன். கிணற்று மோட்டாரை நிறுத்த இரண்டு முறை மறந்து, வரப்பு உடைந்து, பக்கத்து நிலத்துக்காரர் எனக்குப் போன் செய்திருந்தார். மார்க் குறைந்தால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆங் என்றார், அவ்வளவுதான்.

நைனா மெஷினுக்கு மரியாதை கொடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் "சொல்லுங்க" என்றார். செய்தி வாசிக்கிற மாதிரியான அதன் தமிழைக் கேட்டுவிட்டு, இந்தம்மா எந்த ஊரு என்று நர்ஸிடம் விசாரித்தார்.

"அது மெஷின், பெரியவரே."

"மெஷின்னா ஊரு இருக்காதா?"

காய்த்துப்போன விரலை அந்தக் கண்ணாடி பல நேரம் உணரவே இல்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்துப் படங்களைத் தொட்டார். ஞாபகம் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களையும் சொன்னார். கடைசியில் இருபதிலிருந்து ஒன்று வரை பின்னோக்கி எண்ணச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு, படியிறங்குகிறவரைப் போல, இறங்கி வந்தார். நாலு. மூணு. ரெண்டு.

"லாபம்."

சொட்டு. மீண்டும் சொல்லவும் என்றது குரல். மறுபடி இருபதிலிருந்து வந்தார். மறுபடி லாபம். சொட்டு.

நர்ஸ் என் பக்கம் குனிந்தார். "இப்பிடி சம்மந்தமில்லாம அடிக்கடி பேசுவாருங்களா?"

எனக்குத் தெரியும். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார்கள், அப்புறம்தான் ரெண்டு. கோணியின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, நைனாவின் குரலைக் கேட்டுத்தான் நான் எண்ணவே படித்தேன். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. சென்னை வீட்டின் இரண்டாவது அறை வந்து முன்னால் நின்றது. யாரும் படுக்காத கட்டில், காய்ந்த துணி மட்டும் கிடக்கும். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்காதா என்று எத்தனை நாள் நின்றிருக்கிறேன். இப்போது ஒரு தப்பு, அதுவும் மெஷின் போட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அந்தக் கட்டிலுக்கு ஆள் வந்துவிடும்.

மூன்றாவது சொட்டு விழுந்தது. நைனா கண்ணைத் திறந்தார். மெஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே அதைக் கையாலேயே சரி என்று மாற்றினார். வயசுக்கு நல்லாவே இருக்கிறது, மோட்டாருக்கு ஒரு டைமர் மாட்டிவிடுங்கள் என்றார்.

பஸ் நிலையத்தில் பேட்டை டவுன் பஸ் நின்றிருந்தது. எனக்கு ரயில். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கி, வாழைப்பழப் பையைக் கம்பிகளுக்கிடையே நீட்டினேன். டைமரைப் பற்றி இரண்டு முறை சொன்னேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சிகினே சும்மா இருந்தியே, கொஞ்ச நேரம்," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் ஜன்னல் கம்பியை விடவில்லை. டிரைவர் வண்டியை எடுத்தார். இரண்டடி கூடவே நடந்தேன்.

"மார்க் கொறஞ்சா வான்னு சொன்ன. சும்மா வான்னு கூப்ட்டிருந்தா, வரலன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."