டெல்ஹைக்காரி பாடிய டெல்லி

டெல்ஹை என்று சொன்னால்தான் அந்த ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தின் வடகிழக்கில், பருத்தி வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஊர். பெயர்ப்பலகையில் இந்தியத் தலைநகருக்குள்ள அதே ஆங்கில எழுத்துகள்தான். ஆனால் அதை 'டெல்லி' என்று வாசிக்கிறவன் நெடுஞ்சாலையில் வழி தவறி வந்தவன் என்று அர்த்தம். லனெல் டுலோஸ் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஒரே பாட்டில் அந்த ஊர்ப் பெயரைத்தான் தப்பாகப் பாடியிருக்கிறாள்.

தம்பி டிராவிஸ் பத்தொன்பது வயதில் போய்விட்டான். மழை நாளில் பக்கத்து நகரமான மன்ரோவிலிருந்து வண்டி ஓட்டி வந்தவன் வாய்க்காலில் கவிழ்ந்தான். அந்தச் சாயங்காலம் முழுக்க அம்மா மொசெல், அடுப்பிலிருந்து எடுத்த சோள ரொட்டியை ஆறவிட்டபடி, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னாள்: "இருட்டறதுக்குள்ள டெல்ஹைக்கு வந்துடுவான், பாரு." இருட்டிய பிறகு சேதியோடு ஷெரீப்பின் போலீஸ் ஆள்தான் வந்தான்.

அம்மாவின் அந்த வாக்கியத்தை லனெல் அப்படியே பல்லவியாக்கினாள். அதில் கூட்டவோ குறைக்கவோ அவளுக்குக் கை வரவில்லை. கெளுத்தி மீன் ஆலையில் வாரம் முழுக்க மீன் அறுத்த கை, சனிக்கிழமைகளில் கிடார் பிடித்தது. அவள் பாடியது அந்த நாட்டுக் கிராமத்துப் பாட்டான கன்ட்ரிதான். ஆனால் வானொலிக்காரர்கள் தொடாத கன்ட்ரி. பளபளப்பு கிடையாது, கௌபாய் தொப்பி கிடையாது, முடிவில் யாரும் ஒன்றுசேர்வது கிடையாது. தொண்ணூற்றாறில் ஆஸ்டினில் ஒரு சின்ன கம்பெனி அவளை இசைத்தட்டு பதிவுசெய்யக் கூப்பிட்டது. பதிவை நடத்திய ரென்னர் கலிபோர்னியாக்காரர்.

"லனெல், அதென்ன கடைசியில ஒரு 'ஹை'? கேக்கறவன் உனக்கு உச்சரிக்க வரலைன்னு நினைப்பான்."

"எங்க ஊரு பேரே அதுதான் சார்."

"உங்க ஊருல எத்தனை பேரு இசைத்தட்டு வாங்குவாங்க?"

"எங்கம்மா ஒண்ணு வாங்குவா."

பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வம்பு தீரட்டும் என்று ஒரே ஒருமுறை அவர் சொன்னபடி பாடிக் காட்டினாள். அந்த முறைதான் 'இருட்டறதுக்குள்ள' என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதன்பின் ஒன்பது தடவை ஊர்ப் பெயரைச் சரியாகப் பாடினாள். ஒன்றில்கூடக் குரல் உடையவில்லை. அந்த உடைவுக்காகவே இசைத்தட்டில் ஏறியது டெல்லிதான்.

பாட்டு ஓடியது என்று சொல்ல முடியாது, நடந்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஹாலந்திலும் நார்வேயிலும் நூறு பேர், நூற்றைம்பது பேர் கூடும் அரங்குகளில் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்கள். வண்டி பழசானது. பிடில்காரன் விலகினான். புருஷனும் விலகினான். அடுத்து வந்த நாலு இசைத்தட்டுகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. "அந்த டெல்லிப் பாட்டைப் பாடுங்க" என்று மட்டும் எல்லா ஊரிலும் ஒரு குரல் வரும்.

இசைத்தட்டு வந்த புதிதில் மொசெல் அந்தப் பாட்டைப் பாதிதான் கேட்டாள். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "நான் எப்பவாவது 'டெல்லி'ன்னு சொல்லியிருக்கேனாடி?"

"இல்லம்மா."

"அப்ப அது நான் இல்ல."

அவ்வளவுதான். லனெல் ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்ரோல் பங்க் ஹாய்ட் விடமாட்டான். "வாக்கா, இந்தியாவுல வெயில் எப்படி?" அவள் சிரித்து வைப்பாள். யார் கேலி செய்தாலும் தாங்கிக்கொள்வாள். அம்மா ஒரே ஒருமுறை, சரியான சொல்லோடு, அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டுவிட வேண்டும். லனெலுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பதினைந்து வருடம் கழித்து வாய்ப்பு வந்தது. ஊர்த் தீயணைப்புப் படைக்குப் புது வண்டி வாங்கப் பணம் திரட்ட, வண்டிக் கொட்டகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீன் பொரித்து விருந்து வைத்தார்கள். லனெலைப் பாடக் கேட்டார்கள். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"வாம்மா. நீ சொன்ன மாதிரியே பாடறேன்."

மொசெல் வந்தாள். சர்ச்சுக்குப் போடும் நீல உடையில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

முதல் அடிகள் நன்றாகப் போயின. பல்லவி வந்தது. லனெல் வாயைத் திறந்து, பதினைந்து வருடப் பழக்கத்தைப் பிடித்து நிறுத்தி, 'டெல்ஹைக்கு' என்று பாடினாள். அது அவள் காதிலேயே விழவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள், அந்த இசைத்தட்டைக் கேட்டே வளர்ந்த அந்த ஊர்ப் பிள்ளைகள், கொட்டகையே அதிர 'டெல்லிக்கு' என்று சேர்ந்து பாடினார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"டெல்ஹை! நம்ம ஊருடா!"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். "டெல்லி!" என்று கூவிவிட்டுக் கைதட்டினார்கள். இரண்டாம் பல்லவியில் அவர்கள் குரல் இன்னும் பெரிதாயிற்று. மொசெல் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. மீன் தின்ற விரல்களைக் காகிதத்தில் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வண்டியில் அவளே பேச்செடுத்தாள்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குடி."

லனெல் வண்டியை மெதுவாக்கினாள்.

"அந்தப் பையன் எந்த ஊரு? பாவம், அவங்கம்மாவும் காத்துக்கிட்டே இருந்திருக்கா போல."

குத்தலா, எண்பத்தொரு வயதின் மறதியா என்று லனெல் முகத்தைப் பார்த்தாள். மொசெல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தாள். அந்தப் பாட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடைகளில் லனெல் இப்போதும் டெல்லி என்றுதான் பாடுகிறாள். திருத்திப் பாடினால் கேட்பதற்கு இனி யார் இருக்கிறார்கள்?