வில்மோஸ் மாமாவின் கையைப் பிடித்திருந்தது யார்?

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பேய்ப்படம் ஓடும்போது கொட்டாவி விடுகிற ஆள் நான். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பறை வேலை. கற்பனை என்பது என் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று என் கணவர் பாலிந்த் கேலி செய்வார். ஆனால் அந்தப் பனிப்புயல் மாலையில், டொலிடோவில் எங்கள் வீட்டில், நான் பார்த்ததை இந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வில்மோஸ். 1956 நவம்பரில், ரஷ்ய டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. நாணல் காட்டு வழியாக எல்லை தாண்டினார். கூடவே என் மாமியார் ஜோலான். உறைந்த சேற்றில் மாமாவின் கையை விடாமல் அத்தைதான் இழுத்துக்கொண்டே ஆஸ்திரியா வந்து சேர்ந்தாராம். "அன்னிக்கே நீ கையை விட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்" என்பார் மாமா. "விட்டிருந்தா வழி தெரியாம நேரா மாஸ்கோவுக்கே போயிருப்பீங்க" என்பார் அத்தை. ஐம்பது வருடமாக இதே சண்டைதான்.

அமெரிக்கா வந்து டொலிடோவில் வார்ப்பு ஆலையில் இரும்பு காய்ச்சினார். பிறகு அமெரிக்கப் பட்டாளம் அவரை எடுத்துக்கொண்டது, வியட்நாமுக்கு அனுப்பியது. அந்தப் போரைப் பற்றி எங்களிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். சாகிற பையன்களின் கையைப் பிடித்தபடி ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தாராம். சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் எப்போதும் அவருடையது. சுருதி சேராமல் பாடிக்கொண்டே கழுவுவார். என் மகளின் பள்ளிப் புகைப்படத்துக்கு முந்தின நாள் தானே முடி வெட்டிக் கோணலாக்கிவிட்டு, அழுத பிள்ளைக்குத் துணையாகத் தன் தலையையும் மொட்டையடித்துக்கொண்ட மனிதர் அவர். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அத்தையிடம் அவர் ஒரே ஒரு வாக்கு வாங்கியிருந்தார். "நான் போறப்ப தனியா விட்டுடாதே ஜோலான். கையைப் பிடிச்சுக்கோ."

அந்த டிசம்பரில் நுரையீரல் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. இன்னும் சில வாரம் தாங்கும் என்றார்கள். அத்தை வீட்டுக்கே வராமல் நாற்காலியில் தூங்கினார். அன்று காலை மாமாதான் துரத்தினார். "வீட்டுக்குப் போய்க் குளி. உன் வாசத்துக்கு டாக்டருங்க எல்லாம் பக்கத்து வார்டுக்கு ஓடுறாங்க. வரும்போது கோழி சூப் கொண்டா."

நான்தான் காரில் கூட்டி வந்தேன். சூப் கொதிக்கும்போதே பனி கொட்ட ஆரம்பித்தது. மூன்று மணிக்கெல்லாம் தெருவும் தெரியவில்லை, எதிர் வீடும் தெரியவில்லை. பாலத்தை மூடிவிட்டதாக ரேடியோ சொன்னது. லாரி ஓட்டப் போன பாலிந்த் இந்தியானாவில் எங்கேயோ மாட்டிக்கொண்டார். மகள் பள்ளித் தோழி வீட்டிலேயே தங்கிவிட்டாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அத்தை கோட்டை மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"பாலத்தை மூடிட்டாங்க, அத்தை."

"காருக்குத்தானே மூடினாங்க? எனக்குக் கால் இருக்கு."

"எழுபது வயசுக் காலு."

"போடி இவளே. இந்தக் காலை வெச்சுத்தான் எல்லையே தாண்டினேன்."

சொன்னால் செய்கிறவர். அவர் சூப்பை பிளாஸ்கில் ஊற்றப் போன நேரத்தில், வீட்டிலிருந்த அவருடைய பூட்ஸ், செருப்பு எல்லாவற்றையும் அள்ளி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினேன். வேறு வழி தெரியவில்லை எனக்கு. அந்தப் புயலில் தெரு முனையிலேயே விழுந்து செத்திருப்பார்.

தேடினார். திட்டினார். பிறகு அழுதார். "ஒரே ஒரு வாக்குடி, எடெல்கா... அதையும் காப்பாத்த விடமாட்டேங்குறியே."

மாமாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முகத்தை ஆற்றுப் பக்கம் இருந்த ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார்.

நாலு பத்துக்கு மின்சாரம் போனது.

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி அவர் பக்கத்தில் வைத்தேன். ஹீட்டரும் நின்றுவிட்டதால் வீடு வேகமாகக் குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நான் விடும் மூச்சு புகையாக வந்தது.

"அத்தை, டீ போடட்டுமா?"

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கிட்டே போனேன். கண் பாதி திறந்திருந்தது.

என் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அவர் வாயிலிருந்து வரவில்லை...

மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. மெலிதாக. ஆனால் அதில் சூடே இல்லை. கன்னத்தைத் தொட்டேன். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டது போல இருந்தது.

"அத்தை! எழுந்திருங்க!"

தோளைப் பிடித்துத் தூக்கினேன். அத்தை கனமான உடம்புக்காரர். அன்று வெறும் கோட்டைத் தூக்குவது போல வந்தார். பயத்தில் அப்படியே விட்டுவிட்டேன். நாற்காலி ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

கம்பளிக்கு வெளியே வலது கை கிடந்தது. எதையோ பிடித்திருப்பது போல மூடியிருந்தது.

தொட்டேன்.

அந்தக் கை மட்டும் சூடாக இருந்தது.

பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை...

அப்போது அவர் உதடு அசைந்தது.

பேசுகிறார். நிறுத்துகிறார். யாரோ சொல்வதைக் கேட்கிறார். மறுபடி பேசுகிறார்.

சத்தமே இல்லை.

தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அதற்கும் சத்தம் இல்லை.

பிறகு... அந்தக் கை தானாகத் திறந்தது.

சமையலறையில் டெலிபோன் அடித்தது. மணி ஐந்தே முக்கால்.

டாக்டர் பேசினார். மாமா போய்விட்டார். எதிர்பார்க்கவே இல்லையாம். "நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டேன். "நான் போனபோது அறையில யாருமே இல்லம்மா" என்றார்.

திரும்பினேன். தண்ணீரிலிருந்து மேலே வருகிறவர் மாதிரி அத்தை ஒரு பெரிய மூச்சு இழுத்தார். வெள்ளையாகப் புகை வந்தது.

"போயிட்டாரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"தனியாவா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

அடக்கச் சடங்கில் பட்டாளத்துக்காரர்கள் சவப்பெட்டி மேல் போர்த்தியிருந்த கொடியை மடித்து அத்தை மடியில் வைத்தார்கள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாலிந்திடம் தள்ளிவிட்டார். அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. "தனியா விட்டுட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். பூட்ஸை ஒளித்ததற்காக என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் ஹங்கேரி ஜனங்களுக்குப் பிறந்த நாளைவிடப் பெயர் நாள்தான் பெரிது. நாள்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு. வில்மோஸுக்கு ஜனவரி பத்து. யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. நினைவிருப்பவர்கள் தாங்களாக வருவார்கள், வருகிறவர்களுக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். அந்த வருடமும் அத்தை எழுந்து பாப்பிரிக்கா மிளகாய்த்தூள் போட்ட சாசேஜ் வறுத்தார், கசகசா ரொட்டி வெட்டி வைத்தார்.

மாலையில் முன்பின் தெரியாத ஒரு பெண் ஒயின் பாட்டிலோடு வாசலில் நின்றாள். அத்தையைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள்.

"உங்க காலு எப்படிம்மா இருக்கு?"

அத்தை விழித்தார். "நீ யாரும்மா?"

"டோரீன். நர்ஸு. மறந்துட்டீங்களா? புயல்ல ஆள் வரலன்னு அன்னிக்கி மட்டும் அந்த வார்டுல போட்டிருந்தாங்க. உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு, ஜனவரி பத்து வந்துடு, நான் இல்லாட்டியும் சாசேஜ் இருக்கும்னு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க எல்லாம் இவங்களை எப்படித்தான் விட்டீங்களோ. அந்தப் பனியில செருப்புகூட இல்லாம நடந்து வந்திருக்காங்க! காலு நீலமா போயிருந்துச்சு. என் பையில இருந்த என் காலுறையைத்தான் போட்டுவிட்டேன். டாக்டரைக் கூப்பிடப் போயிட்டுத் திரும்பினா ஆளைக் காணோம். வீட்டுக்குப் போன் பண்ணப் போயிருக்காங்கன்னு நினைச்சேன்."

அன்று அந்த நாற்காலியை விட்டு அத்தை அசையவே இல்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அத்தை உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு ஜோடி காலுறை இருந்தது. பச்சைக் கம்பளி. ஒன்றின் நுனியில் வெள்ளை நூலால் ஓட்டை தைத்திருந்தது.

"இதேதான். எங்க அக்கா பின்னினது" என்றாள் டோரீன்.

"அன்னிக்கிப் படுக்கப் போறப்ப என் கால்ல இருந்துச்சு" என்றார் அத்தை மெதுவாக. "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். சொன்னா முதியோர் இல்லத்துல தள்ளிடுவீங்கன்னு பயந்து... சொல்லல." டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அங்க இருந்தேனாம்மா?"

"கடைசி மூச்சு வரைக்கும். அவர் கையை விடவே இல்லையே நீங்க. உங்க பாஷையில அவர் என்னமோ சொல்லிட்டே இருந்தாரு. நீங்க தோளெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரிச்சீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் அவர் கண்ணை மூடினாரு."

அத்தை அழுதார். வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது, இனி அவருக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அவர் என்ன சொன்னாரு?"

"எனக்கு உங்க பாஷை தெரியாதேம்மா. உங்ககிட்டதானே சொன்னாரு?"

அத்தை என்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையேடி, எடெல்கா..."

அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குழாயை மூடுவார். ஈரக் கையோடு என் பக்கம் திரும்புவார்.

"நான் எதுக்குடி சிரிச்சேன்?"