முள்ளில்லாத முள்ளுத்தொப்பி

நனைந்த பழைய தோல் ஆவியில் வேகும்போது என்ன மணம் வரும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். மழையில் ஊறிய சப்பாத்து, பழைய மெழுகு, கொஞ்சம் குதிரை எல்லாம் கலந்த அந்த வாடைதான் எனக்குப் பன்னிரண்டு வயதான இலையுதிர்காலம் முழுவதும் எங்கள் சமையலறையில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியோடு ஓடிப்போய் இடியப்பச் சட்டியின் மூடியைத் திறக்கிறேன். இடியப்பத்தைக் காணோம். ஈரத் துவாயில் சுற்றியபடி, நூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஜெர்மன் படைவீரனின் தொப்பி கவிழ்ந்து கிடக்கிறது! "கையை வையாதை பிள்ளை, இப்பதான் தோல் இளகுது" என்று பக்கத்தில் நின்ற அப்பா பதறினார். அம்மா அந்தச் சட்டியில் அதற்குப் பிறகு சாப்பாட்டுச் சாமான் எதையும் வைக்கவில்லை. புதுச் சட்டி வரும்வரை நாங்கள் பேக்கரிப் பாண்தான் சாப்பிட்டோம்.

அப்பாவுக்கு இந்த விசர் எங்கிருந்து பிடித்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் வந்து சேர்ந்த ஊரான லா ஷோ-து-ஃபோனில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மணிக்கூட்டு உறைகளைக் காலையிலிருந்து மாலை வரை மினுக்குவார். வேலை முடிந்து வரும் வழியில் பழைய சாமான் விற்கும் "புறொக்காந்த்" கடை ஒன்று இருந்தது. மற்றத் தகப்பன்மார் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கினார்கள். எங்கள் அப்பா தொப்பி வாங்கினார். கறுப்புத் தோல், நெற்றியில் சிறகு விரித்த பித்தளைக் கழுகு, உச்சியில் ஈட்டி போல ஒரு பித்தளை முள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. வீட்டில் அதற்கு "முள்ளுத்தொப்பி" என்று பெயர். அம்மா மட்டும் "மொட்டைத்தொப்பி" என்றுதான் கடைசிவரை சொன்னார். அது தனியே இருக்கப் பாவமென்றோ என்னவோ, முன்விளிம்பு இல்லாத ஒன்றும், தோல் பிளந்த ஒன்றும் பின்னால் வந்து சேர்ந்தன.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், சண்டைக்காரன்ரை தொப்பியைத் தேடித்தேடி வாங்கிறார். இதை நான் ஆரிட்டைச் சொல்லி அழ?" என்று அம்மா தொலைபேசியில் சித்தியிடம் சொல்வது சுவருக்கு அந்தப்பக்கமும் கேட்கும். அப்பா மெழுகு பூசிய நூலால் தொப்பியின் விளிம்பைத் தைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "தொப்பி இஞ்சை கிடக்கெண்டால், தலை எங்கையோ தப்பிப் போட்டுது எண்டுதானே அர்த்தம்?" எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஏனென்றால் அவர் அந்தத் தையல் வேலையைச் செய்தது என்னுடைய மேசையில். யன்னலோரம் இருந்த, வெளிச்சம் விழும், இழுப்பறை வைத்த என் மேசை. எங்கள் சின்ன வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் என் பாடக் கொப்பிகள் கட்டிலில் கிடக்கின்றன, மேசையில் மூன்று தொப்பிகள் குந்திக்கொண்டு இருக்கின்றன. அன்றிலிருந்து நான் வீட்டுப்பாடம் செய்தது "அயன் பலகை"யில். உடுப்பு அயன் பண்ணும் அந்தப் பலகையை விரித்து, நின்றபடி, அது ஆட ஆட, கணக்குச் செய்திருக்கிறீர்களா? எழுதும்போது சதுரம் எல்லாம் சாய்சதுரமாகிவிடும். கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் கதைக்காமல் இருந்தும் பார்த்தேன். கடைசியில் அப்பா சத்தியம் பண்ணினார்: முதல் தொப்பிக்கு முள் கிடைத்து அது முழுசாகிவிட்டால் அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவார், மற்ற இரண்டையும் கொடுத்துவிடுவார், மேசை எனக்கு. எனவே அந்த முள்ளை அப்பா தேடியதைவிட நான்தான் கூடுதலாகத் தேடினேன். புறொக்காந்தில் குனிந்து நிமிர்ந்து திருகாணிப் பெட்டிகளைக் கிளறிய ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

முள் ஒருவரிடம் இருந்தது. அந்தக் கடையில் அப்பா பழக்கம் பிடித்த ஒரு கிழவர், பெரிய நரைமீசை, தொப்பி சேர்ப்பதே தொழிலாக இருந்தவர். நாங்கள் அவரை "மீசை முசியே", அதாவது மீசை ஐயா, என்போம். அதே காலத்து, அதே அளவு முள் தன்னிடம் உதிரியாகக் கிடக்கிறது, தொப்பியை வீட்டுக்கு வந்து பார்த்துப் பொருந்தினால் தருவதாகவும், பதிலுக்கு மற்ற இரண்டு தொப்பியும் தனக்கு வேண்டும் என்றும் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை. தோலைத் தை, மெழுகு பூசு, என்னவும் செய். பித்தளையை மட்டும் மினுக்காதே. அந்தப் பழுப்பு நிறம் நூறு வருடத்தில் வந்தது, அது போனால் தொப்பியின் வயதே போய்விடும், அப்படியான தொப்பிக்கு என் முள்ளைத் தரமாட்டேன் என்றார். நாள் முழுக்க உலோகம் மினுக்குகிற அப்பா, அந்தக் கழுகில் ஒரு விரலும் படாமல் மாதக்கணக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மீசை முசியே வருவதாகச் சொன்ன சனிக்கிழமை அடுத்த வருட நவராத்திரிக்குள் வந்தது. அப்பா காலை வேலைக்குப் போயிருந்தார், நான் தமிழ்ப் பள்ளியில். வீட்டில் அம்மா தனியே. சரஸ்வதி பூசைக்குக் குத்துவிளக்கு, செம்பு, தட்டு எல்லாவற்றையும் குளியல் தொட்டியில் போட்டுப் புளியும் உப்பும் தேய்த்துக் கழுவுகிற நாள். அதோடு ஒரு வெள்ளைக்காரர் வேறு வீட்டுக்கு வருகிறார். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நான் வந்து கதவைத் திறந்தபோது அம்மா வாசலிலேயே சிரித்தபடி நின்றார். சாமிப் படங்களுக்கு முன்னால், என் புத்தகங்களுக்கும் அப்பாவின் பழைய வேலைக் கையுறைக்கும் பக்கத்தில், தொப்பி. கழுகு தகதக என்று எரிந்தது. அதன் நெஞ்சில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். "வாற மனிசன் எங்களை என்ன நினைப்பார், இப்பிடி ஊத்தையா வைச்சிருந்தால்?" என்றார் அம்மா. நான் வாய் திறக்குமுன் படியில் அப்பாவும் மீசை முசியேயும் பேசிக்கொண்டு ஏறிவரும் சத்தம் கேட்டது.

முசியே தொப்பியைப் பார்த்தார். "மொன் தியூ", கடவுளே, என்று ஒருதரம் சொன்னார். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார், வடையை ருசித்துச் சாப்பிட்டார், அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார், காகிதத்தில் சுற்றிய முள்ளைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கதவு சாத்தியதுதான் தாமதம், நான் வெடித்தேன். "என்ரை மேசை போச்சு! உங்களை ஆர் அதைத் தொடச் சொன்னது?" அப்போதுதான் அம்மாவுக்கு விஷயமே விளங்கியது. நிபந்தனை அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. முகம் சுருங்கி, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, "நான் நல்லதெண்டு நினைச்சுத்தான்..." என்றார்.

அப்பா தொப்பியை எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோனார். இப்போது கத்தப்போகிறார் என்று நான் காத்திருந்தேன், உண்மையைச் சொன்னால் கத்தவேண்டும் என்றும் விரும்பினேன். அவரோ தொழிற்சாலையில் செய்வதுபோல அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் கழுகின் ஒவ்வொரு சிறகையும் பார்த்தார். "ஒரு கீறல் இல்லையப்பா. எங்கடை இடத்திலை மெசின் வைச்சும் இப்பிடி வராது" என்றார் அம்மாவைப் பார்த்து. அவ்வளவுதான். தொப்பியைப் பொட்டு அழியாமல் கொண்டுபோய் என் மேசையில் வைத்தார்.

அது அங்கேயே இருந்தது. முள் வரவில்லை, ஆகவே சத்தியமும் நிறைவேறவில்லை. பிளந்ததையும் விளிம்பில்லாததையும் அப்பா பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்தக் கழுகை ஒவ்வொரு நவராத்திரிக்கும் அம்மா புளி போட்டு மினுக்கினார். நான் அயன் பலகையில் படித்தே அந்த வீட்டைவிட்டு வெளியேறினேன்.

இப்போது லோசான் நகரில் எனக்கென்று ஒரு வீடு, யன்னலோரம் எனக்கென்று ஒரு மேசை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா சின்ன வீட்டுக்கு மாறினார். சாமான் குறைக்கிறேன் என்று இடியப்பச் சட்டியைக்கூட வீசிய மனிதர், தொப்பியை மட்டும் கொண்டுவந்து, வேறெங்கே, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மீசை முசியேயும் இல்லை, அந்த புறொக்காந்தும் இல்லை. தொட ஆளில்லாமல் கிடந்த பித்தளை மெல்ல மெல்ல மங்கி, அன்றைக்கு அந்தக் கிழவர் கேட்ட அதே பழுப்புக்கு வந்துவிட்டது. இன்றைக்கு அவர் வந்திருந்தால் முள்ளைத் தந்திருப்பார்.

போன கிழமை அப்பா வந்தார். எனக்கு வேலைக் கூட்டம், கணினியைத் திறந்தபடி இருந்தேன். தொப்பியைக் கையில் எடுத்துக் கழுகின் மேல் விரலை ஓட்டினார். பிறகு, "புளி இருக்கோ பிள்ளை?" என்றார்.

"அப்பா, இப்ப தொடங்காதேங்கோ, எனக்குக் கூட்டம் இருக்கு."

"நீ உன்ரை வேலையைப் பார். கெதியா முடிச்சுப் போடுவன்."

புளியைக் கரைத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்வது? என் மேசையில் பத்திரிகையை விரித்து, கழுகைத் தேய்த்தார், கழுவினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். வாழ்க்கை முழுக்க மினுக்கி ஓய்வு பெற்ற கைகள். "கீறல் விழுது" என்றார். "கொம்மாவுக்கு வந்தமாதிரி எனக்கு வருகுதில்லை."

நான் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அயன் பலகையை விரித்தேன்.