இருபத்து மூன்று மூட்டை விதைக்கடலையைத் தேடி: திருவரங்குளத்திலிருந்து அரிமளம் வரை

வேலைக்காகப் போகும் ஊர்களைப் பற்றித்தான் இந்த வலைப்பூவில் எழுதுகிறேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சின்ன ஊர்களுக்குப் போகிறவர்கள் யாராவது படித்துப் பயன்பெறுவார்கள் என்ற நம்பிக்கைதான். கரூரில் நானும் ஒரு தோழியும் சேர்ந்து, கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். கடையில் வாங்குகிற ரகம் இல்லை. அவரவர் சரக்குக்கு ஏற்ப அளந்து தைக்கிற சட்டை மாதிரி. இந்த ஆனி மாதம் போனது, திருவரங்குளம் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு விவசாயிகள் சங்கத்தின் விதைக் கிடங்குக்கு. மென்பொருளைக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விதைப்புக்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு நாள் பயணம்.

புதன்கிழமை காலை 5.40க்குக் கரூரில் பேருந்து ஏறினேன். 7.50க்குத் திருச்சி. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு 8.20க்குப் புதுக்கோட்டை வண்டி பிடித்து 9.45க்கு இறங்கினேன். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் விடுதி, ஒற்றை அறை நாளுக்கு 800 ரூபாய். வெந்நீர் காலை ஏழு மணி வரைதான் வரும், நினைவில் வையுங்கள். ஆலங்குடி போகும் நகரப் பேருந்தில் ஏறினால் கிடங்கு வாசலிலேயே நிறுத்தச் சொல்லலாம், இருபது நிமிடம்.

கிடங்கின் பொறுப்பாளர் ஸ்டெல்லா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தாவரவியல் படித்தவர். தொலைபேசியில் என்னோடு சண்டை போட்டே பழகியவர் என்று சொல்லலாம். விதைக் கிடங்கில் ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு லாட் எண் உண்டு. ஒரே வயல், ஒரே அறுவடை, ஒரே பரிசோதனைச் சான்று என்றால் ஒரே லாட். எந்த லாட்டில் எத்தனை மூட்டை யாருக்குப் போனது என்று தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. ஸ்டெல்லாவுக்கு அது போதவில்லை. மூட்டை எந்த அடுக்கில் இருந்தது என்பதும் பதிவாக வேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு பொத்தான் அழுத்த வேண்டியிருக்கும், வேலை இழுக்கும் என்று நான் மூன்று நாள் வாதாடினேன். "ஒரே லாட்டுன்னா ஒரே எடத்துலயா கெடக்குது மேடம்? ஒரு அடுக்கு சன்னலோரம் இருக்கு, ஒண்ணு நடுவுல இருக்கு. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டார். முணுமுணுத்துக்கொண்டுதான் சேர்த்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை முழுக்கப் பயிற்சி. முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்ததால் விதை வாங்க வந்தவர்கள் கூட்டம். மூட்டையில் ஒட்டிய சீட்டைக் கைபேசியில் படம் பிடித்தால் எண் ஏறும், வாங்குபவர் பெயரைப் போட்டால் முடிந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாலை ஐந்து மணிக்கு நான் கொஞ்சம் பெருமையாகவே விடுதிக்குத் திரும்பினேன்.

வியாழன் காலை 7.30க்கு நான் போனபோது ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மணல் நிரப்பிய நான்கு தட்டுகள். அரசுப் பரிசோதனைச் சான்று இருந்தாலும், விதைப்புக்கு முன் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் நூறு பருப்பு எடுத்து ஊன்றி, எத்தனை முளைக்கிறது என்று தானே பார்ப்பது அவர் வழக்கம். மூன்று தட்டுகளில் எண்பதுக்கு மேல் முளைத்திருந்தது. நான்காவதில் நாற்பத்தொன்று.

"மூணு தடவ எண்ணிட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "மேக்குச் சொவரு அடுக்கு. கோடை மழையில கூரைத் தகடு ஒண்ணு நகண்டுச்சு, ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டோம். அதுக்குள்ள ஈரம் குடிச்சிருக்கு போல."

அந்த லாட்டில் மொத்தம் 160 மூட்டை. அதில் 118 ஏற்கெனவே விற்றுப் போயிருந்தது. மழை பெய்து ஈரம் நிற்கிற வாரம் இது. வாங்கியவர்கள் இன்றோ நாளையோ ஊன்றிவிடுவார்கள். முளைக்காத கடலையை ஊன்றினால் ஒரு பட்டமே போகும், உழவுக்கூலியும் ஈரமும் திரும்பி வராது.

மடிக்கணினியைத் திறந்து மேற்குச் சுவர் அடுக்கை மட்டும் கேட்டேன். இரண்டு நொடியில் பதில் வந்தது. அதிலிருந்து வெளியே போனது 23 மூட்டை. 22 மூட்டைகள் ஒன்பது பேரிடம். 118 மூட்டையைத் துரத்த வேண்டிய வேலை 23 ஆகச் சுருங்கியது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். "நீங்க கேட்டது நல்லதாப் போச்சுக்கா" என்றேன்.

ஆனால் இருபத்து மூன்றாவது மூட்டைக்கு நேரே பெயர் இல்லை. எண் 117, செவ்வாய் மாலை 4.12, வெளியே சென்றது. அவ்வளவுதான். இணையம் இல்லாத நேரத்தில் பதிந்த பெயரைக் கைபேசி வைத்திருந்து பிறகு அனுப்ப வேண்டும். நடுவில் கைபேசி அணைந்துவிட்டால் எண் மட்டும் நிற்கிறது, பெயர் போய்விடுகிறது. அது நான் எழுதிய பகுதி. என் தவறு என்று ஸ்டெல்லாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கி மழையில கரண்டும் இல்ல, டவரும் இல்ல. நாப்பது பேரு நின்னாங்க. யாருக்குக் குடுத்தேன்னு எனக்கும் ஞாபகம் இல்ல. மொதல்ல தெரிஞ்சவங்களப் பாப்போம், வாங்க."

8.15க்குள் ஒன்பது பேருக்கும் போன் போட்டோம். ஒருவரும் இன்னும் ஊன்றவில்லை. விராலிமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், "நீங்க அம்புட்டுத் தூரம் வர வேணாம்மா, நானே கொண்டாறேன்" என்று சொல்லி, இரண்டு மூட்டைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்து மாற்றிக்கொண்டு போனார். மற்றவர்களுக்கு நாங்கள் கிளம்பினோம். சங்கத்துக்கு வழக்கமாக ஓடும் குட்டியானை வண்டி, ஓட்டுநர் கருப்பையா. பின்னால் நல்ல அடுக்கிலிருந்து எடுத்த மாற்று மூட்டைகள், 117க்கு ஒன்றும் சேர்த்து.

திருவரங்குளத்தைச் சுற்றி நான்கு வீடு, ஆலங்குடிச் சாலையில் நான்கு வீடு. செம்மண் தரை மழையில் நனைந்து நல்ல நிறம் காட்டியது. ஒவ்வொரு வீட்டிலும் சீட்டைப் படம் பிடித்து எண் சரிபார்த்து மாற்றிக் கொடுத்தோம். எட்டாவது வீட்டில் மோர் கிடைத்தது. 11.20க்கு 22 மூட்டையும் கணக்கில் வந்துவிட்டது.

வண்டியில் ஏறும்போது நான் 117 பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். கருப்பையா சாவியைத் திருகாமல் யோசித்தார்.

"செவ்வாக்கெழமை சாயங்காலமா? மழையில நாந்தான அரிமளத்துக்கு உரம் ஏத்திக்கிட்டுப் போனேன். கூட ஒரு கடலை மூட்டையும் இருந்துச்சு. மழைக்கு முன்னாடி போன்ல சொன்னாங்கன்னு நீங்கதான ஏத்திவிட்டீங்க ஸ்டெல்லாக்கா. டீக்கடையில எறக்கி வச்சுட்டு வந்தேன்."

"இத ஏன்ணே காலையிலயே சொல்லல?" என்றார் ஸ்டெல்லா.

"நீங்க கேக்கலயே."

அரிமளம் அங்கிருந்து வண்டி மீட்டரில் 31 கிலோமீட்டர். வழியெல்லாம் தைலமரக் காடு, இடையிடையே முந்திரி. அழகான சாலை, ஆனால் அன்று நான் பார்த்ததெல்லாம் கடிகாரம்தான். 12.15க்கு டீக்கடையை அடைந்தோம். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "நம்ம வள்ளிக்கண்ணு அக்கா மூட்டை. இன்னைக்கி அங்கிட்டுத்தான் ஊன்றாங்க, கண்மாயத் தாண்டிப் போங்க" என்றார். அவர் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கண்மாய்க்கரையில் வண்டியை விட்டு நடந்தோம். வயலில் பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, களைக்கொத்தியால் குழி போட்டுப் பருப்பை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அரை ஏக்கரில் பாதி முடிந்திருந்தது. அவர்களுக்குப் பருப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வரப்புக்கு வந்தார். அவர்தான் வள்ளிக்கண்ணு. ஸ்டெல்லா சுற்றி வளைக்காமல் சொன்னார்: நூற்றுக்கு நாற்பதுதான் முளைக்கும், இன்றைக்குத்தான் தெரிந்தது, மாற்று மூட்டை வண்டியில் இருக்கிறது.

வள்ளிக்கண்ணு ஊன்றி முடித்த வரிசைகளைக் கைகாட்டினார். "ஊன்றுனத தோண்டியா எடுக்கிறது?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணாங்க்கா. ஊன்றுன வரிசையில ரெண்டு குழிக்கு நடுவுல ஒண்ணு புதுசாப் போடுவோம். மிச்ச எடத்துக்குப் புது வெதை. ஈரம் இன்னைக்கி முழுக்க நிக்கும்" என்றார் ஸ்டெல்லா.

"போடலாம். பருப்பா இருந்தாப் போடலாம். நீங்க கொண்டாந்தது தோலோட இருக்குமே. நாப்பது கிலோ. ரெண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஒக்காந்து ஒடச்சேன் அந்த மூட்டைய."

அது எனக்குத் தோன்றவே இல்லை. விதைக்கடலை ஓட்டோடுதான் விற்கப்படும், ஊன்றும் முன் கையால் உடைக்க வேண்டும். இயந்திரத்தில் உடைத்தால் பருப்பு அடிபடும்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? ஸ்டெல்லாவும் உட்கார்ந்தார். கருப்பையா மூட்டையைச் சுமந்து வந்து நடுவில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு அவரும் உட்கார்ந்தார். வள்ளிக்கண்ணு வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பத்துப் பெண்களும் வந்து சுற்றி அமர்ந்தார்கள். பதினான்கு பேர். ஓடு நொறுங்கும் சத்தம் மழை மாதிரி இருந்தது. என் கட்டைவிரல் அரை மணி நேரத்தில் சிவந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண், கடலையின் மூக்குப் பக்கம் அழுத்தினால் தானாகப் பிளக்கும் என்று காட்டிக் கொடுத்தார். என் வாய்க்குப் போன ஒரு பருப்பை வள்ளிக்கண்ணு பார்த்துவிட்டார்.

"தின்னுத்தா. ஆனா ஒரு பருப்பு ஒரு செடி, அத நெனச்சுக்கிட்டுத் தின்னு."

அதற்குப் பிறகு நான் ஒன்றுகூடத் தின்னவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

2.25க்கு உடைத்து முடித்தோம். நுண்ணுயிர் உரத்தை ஆறிய வடிகஞ்சியில் கரைத்துப் பருப்பில் புரட்டி, நிழலில் உலர்த்தி, 3.15க்கு மீண்டும் வயலில் இறங்கினார்கள். 5.30க்கு அரை ஏக்கரும் முடிந்தது. ஊன்றாமல் மிஞ்சிய பழைய பருப்பை ஸ்டெல்லா தனியாகக் கட்டி வண்டியில் ஏற்றினார். அன்று குட்டியானை ஓடியது மொத்தம் 96 கிலோமீட்டர்.

வெள்ளிக்கிழமை ஊர் திரும்பும் திட்டத்தைத் தள்ளிப்போட்டு, கிடங்கில் உட்கார்ந்து பிழையைத் திருத்தினேன். இப்போது பெயர் கைபேசியிலேயே பத்திரமாகப் பதிந்த பிறகுதான் மூட்டை எண் வெளியே போகும். ஸ்டெல்லா நான்கு முறை கைபேசியை நடுவில் அணைத்து அணைத்துச் சோதித்தார். ஐந்தாவது முறை பேட்டரியே தீர்ந்துபோனது. பெயர் அப்படியே இருந்தது.

இந்தப் பக்கம் வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆனி, ஆடியில் போனால் குடையும் சேற்றுக்குத் தாங்கும் செருப்பும் வேண்டும். அரிமளத்திலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் புதுக்கோட்டைக்குப் பேருந்து எப்போது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள், அன்று குட்டியானை வேறு வழியாகக் கிடங்குக்குத் திரும்பியதால் பேருந்துக்கு எனக்கு 50 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. திருவரங்குளத்தில் பழைய சிவன் கோயில் இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள், கல் தரை குளிர்ந்திருக்கும். மென்பொருள் கொண்டுபோகிறவர்கள் முதல் நாள் கணினியைத் திறக்காமல், சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களோடு ஒரு டீ குடியுங்கள். எந்த மூட்டை எங்கே போனது என்று ஓட்டுநருக்குத் தெரிவது பல சமயம் நம் திரையில் இருக்காது.

ஊன்றிய பன்னிரண்டாம் நாள் மறுபடியும் போனேன். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை, வேலையும் இல்லை. காலை 11 மணிக்கு அரிமளத்தில் இறங்கிக் கண்மாய்க்கரையில் நடந்தேன். வயல் முழுக்கப் பச்சை. இடைவெளி ஏதாவது தெரிகிறதா என்று முதல் வரிசையில் குனிந்து எண்ண ஆரம்பித்தேன். அறுபது வரை வந்திருப்பேன். வள்ளிக்கண்ணு வரப்பில் வந்து நின்றார்.

"எண்ணாத. நான் எண்ணிட்டேன், நெறஞ்சிருக்கு. வா, சோறு ஆறுது."

அவருக்குப் பின்னால் நடந்தேன்.