அக்னேட்டே எத்தனை தரம் விழுந்தார்?

போன சனிக்கிழமை பின்னேரம். வெளியே மழை. டிவியில் ஏதோ பழைய கறுப்பு வெள்ளை டேனிஷ் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சோபாவில் அரைத் தூக்கத்தில் கிடந்தேன்.

மனைவி வெண்காயம் உரித்தபடி படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா இது... இந்த மனுசி எழும்புறதும் விழுறதுமாவே இருக்கிறா. இடுப்பு நோகாதோ இவவுக்கு?"

கண்ணைத் திறந்தேன். கல்யாண உடுப்பில் ஓர் இளம்பெண். ஒரு கக்கத்தில் உயிர் வாத்து, மறு கையில் குடை. மாடிப்படியில் உருண்டு வந்து, மாப்பிள்ளையின் தகப்பனுடைய மடியில் சரியாக உட்கார்ந்தாள். அவ்வளவு உருளலிலும் வாய் மட்டும் நிற்கவில்லை.

"ஐயோ, இது என்ர அக்னேட்டே."

வெண்காயம் உரிப்பது நின்றது. "உங்கட அக்னேட்டேயோ? ஆர் அது? இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். நல்லவேளை, அவள் நம்பினாள். நீங்களும் நம்புங்கள்.

டென்மார்க்கில் 'தமிழ் வழக்கு' என்று ஊரெல்லாம் பேசிய எண்பதுகளின் கடைசிக் காலம் அது. இலங்கையிலிருந்து குடும்பத்தைக் கூப்பிட அகதிகள் நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் அமைச்சின் மேசை லாச்சிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. பேப்பரைத் திறந்தால் நாங்கள், டிவியைப் போட்டால் நாங்கள். என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். நான் அல்பர்ட்ஸ்லுண்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளனாக இருந்தேன்.

மூலை அறையில் இருந்தவர் அக்னேட்டே. எண்பது வயது. இந்த ஊரில் யாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'அம்மா' என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதல் மாதம் முழுக்க அவர் பேரைச் சொல்லாமல் இருமியே சமாளித்தேன்.

ஒரு நாள் காலையில் அவருடைய அறையில் 'தொப்' என்று சத்தம். ஓடினேன். அக்னேட்டே நிலத்தில் கிடந்தார். தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பிடி இருந்தது?"

அவர் பேசியது டேனிஷ்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழிலேயே பதிந்துவிட்டது. என்ன செய்வது?

தூக்கி இருத்தினேன். கை, கால், இடுப்பு எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எண்பது வயது மனுசி... சீமெந்துத் தரை... ஒரு கண்டல் காயம்கூட இல்லையென்றால்? எனக்கு இயல்பிலேயே மூக்கு கொஞ்சம் நீளம். அன்றிலிருந்து அவருடைய அறைக்குக் கோப்பி கொண்டுபோகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கோப்பிக்குக் கோப்பி கதை வந்தது, எனக்கு விளங்கும்படி மெல்ல, பாதி நடிப்பாக.

கோல்டிங்கில் ஒரு பேக்கரிக்காரரின் மகள். சோக நாடகங்களில் அழுது பேர் வாங்க வேண்டும் என்று கோப்பன்ஹேகனுக்கு ரயில் ஏறியவர். பேசும்படம் புதிதாக வந்த காலம். முதல் படத்தில் வேலைக்காரி வேஷம், ஒரே ஒரு வசனம். மரணச் செய்தி வந்த கடிதத்தைத் தட்டில் ஏந்தி வந்து, "ஐயா, துக்கச் செய்தி" என்று சொல்ல வேண்டும்.

வந்தார். கால் கம்பளத்தில் தட்டியது. அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வழுக்கிப் போனார். தட்டு கையில், கடிதம் தட்டில். நிலத்தில் கிடந்தபடியே, முகம் மாறாமல், "ஐயா, துக்கச் செய்தி" என்றார்.

விளக்குப் பிடித்தவர் சிரித்து, கமராக்காரர் சிரித்து, கடைசியில் டைரக்டரும் சிரித்துவிட்டார். அந்தப் படத்தில் சாகவேண்டியவர் பிறகு சாகவேயில்லை. கதையையே மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே வேஷந்தான். பணக்காரரின் பிடிவாதக்கார மகள். படம் தொடங்கும்போது பிழையான ஒருவனோடு நிச்சயதார்த்தம். இடையில் பால் வண்டியில் ஏறி ஓட்டம், குளத்துக்குள் விழுதல், ஆள்மாறாட்டம், வாய்ச்சண்டை. முடிவில் சண்டை பிடித்தவனையே கட்டிக்கொள்வார்.

"ஏன் அவ்வளவு கெதியாக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டேன். அவர் வீடியோவில் போட்டுக் காட்டிய படத்தில் எனக்கு ஒரு வசனம்கூடப் பிடிபடவில்லை.

"சனம் யோசிக்க நேரம் குடுத்தால் கதையே இல்லையெண்டு கண்டுபிடிச்சிடும்."

யுத்தக் காலத்தில், வெளியே இருட்டடிப்பு, தெருவில் அந்நிய இராணுவம்... அப்போதுதான் அவருடைய படங்களுக்கு இருக்க இடமில்லாமல் கூட்டமாம். வேறு யாராவது என்றால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

நான் கேட்டது வேறு. விழுந்தால் எப்படி நோகாமல் இருக்கும்?

"விழுற இடத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சனத்துக்கு முதலே தெரிஞ்சிடும். பிறகு சிரிக்காதுகள், ஐயோ பாவம் எண்டுங்கள். உடம்புக்கு எல்லாம் தெரியும். முகத்துக்குத்தான் ஒண்டும் தெரியக் கூடாது."

நாற்பது வயதில் எல்லாம் நின்றது. அம்மா வேஷம் தந்தார்களாம். மாட்டேன் என்று வந்துவிட்டார்.

"ஏன்?"

"அம்மாமார் விழுறேல்லை. விழுந்தால் டொக்டரைக் கூப்பிடுவினம்."

பிறகு இருபது வருடம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்திருக்கிறார். அதே தியேட்டரில் அவருடைய பழைய படமும் ஓடியது. ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "நான் நேரா இருந்தனான். எப்பிடித் தெரியும்?" என்றார்.

அந்த வாத்துக் கதையைச் சொன்ன நாள் எனக்கு நல்ல ஞாபகம். கொழும்பிலிருந்து மூன்று கிழமையாகக் கடிதம் இல்லை. நான் செத்த முகத்தோடு கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் தொடங்கினார்: கல்யாணக் காட்சி. ஒவ்வொரு தரம் எடுக்கும்போதும் வாத்து மணப்பெண்ணின் பூச்செண்டைத் தின்றுவிடுகிறது. ஒன்பதாவது பூச்செண்டு. கதாநாயகன் மண்டியிட்டுக் காதலைச் சொல்கிறான். வயிறு நிறைந்த வாத்து அவனுடைய தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டது. அவன் அழுதேவிட்டானாம்... அந்த வாத்தின் நித்திரையை அக்னேட்டே நடித்துக் காட்டினார், பாருங்கள்.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. டென்மார்க்குக்கு வந்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம். நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

வேலை முடியும்போது ரிப்போர்ட் புத்தகத்தில் எழுத வேண்டும். எனக்கு எழுதத் தெரிந்த டேனிஷ் மூன்று வரி: சாப்பிட்டார். குளித்தார். தூங்கினார். அன்று அது போதவில்லை. அந்தச் சிரிப்பைப் பதிந்துவைக்க வேண்டும் என்று ஆசை. அகராதியை எடுத்து, சொல்லுக்குச் சொல் தேடி, டேனிஷில் அழகாக எழுதினேன்:

'இன்று அக்னேட்டேயும் நானும் விழுந்து, விழுந்து, சிரித்தோம்.'

பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பொறுப்பாளர் கிர்ஸ்டன் கூப்பிட்டார். நல்ல மனுசி, ஆனால் அன்று முகம் சரியில்லை.

"உமக்கு அடி ஏதும் பட்டதோ?"

"யா" என்றேன்.

"அவ ரெண்டு தரம் விழுந்தவவோ?"

"யா, யா."

டேனிஷில் விளங்காத கேள்விக்கெல்லாம் அந்தக் காலத்தில் என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான். அகதியாக வந்தவர்களுக்குத் தெரியும், 'விளங்கவில்லை' என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று. நான் தலையையும் ஆட்டினேன்.

அடுத்த கிழமை அக்னேட்டே ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஒரு மாதத்தில் மூன்று தரம் விழுந்துவிட்டாராம். இனி இந்த இல்லத்தில் பார்க்க முடியாதாம். முழுநேரக் கண்காணிப்பு உள்ள இடத்துக்கு மாற்றுவது பற்றிக் கூட்டம் நடக்குமாம்.

"அங்க கதிரையோட சேர்த்து பெல்ட் போடுவினம்" என்றார். "எனக்குப் பயமா இருக்குது."

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

கடிதத்தைத் திரும்பப் படித்தேன். மூன்று தரம்? நான் கண்டது ஒரு தரம்தானே. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன? திகதியைப் பார்த்தேன். வாத்துக் கதை சொன்ன நாள். அந்த இரண்டு தரமும் அவர் விழவில்லை. நான்தான் விழுத்தினேன்.

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்தபடி கேட்டார்.

"உங்கட பாஷையில சிரிக்கிறதெண்டால் விழ வேணுமோ?"

"ஓம்."

"ஒரு தரம் காணாதோ?"

"காணாது. ரெண்டு தரம்."

"நான் பிழையான நாட்டில பிறந்திட்டன்" என்றார் அக்னேட்டே.

கூட்டத்துக்கு நகரசபையிலிருந்து ஒரு தாதி வந்திருந்தார். அக்னேட்டேயின் தமக்கை மகனும் கிர்ஸ்டனும் இருந்தார்கள். நானும் கேட்டு உள்ளே போனேன். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் தடவையாக, 'யா' சொல்லாமல் நானாக டேனிஷில் பேசினேன்: எழுதியது பிழை. அன்று யாரும் விழவில்லை. எங்கள் மொழியில் அது ஒரு பேச்சு. நிறையச் சிரித்தோம், அவ்வளவுதான்.

தாதி பேனையைக் கீழே வைத்தார். "ஆனால் அண்டைக்கு விழுந்தவ எண்டுதானே நீரே கிர்ஸ்டனுக்குச் சொன்னனீர்?"

"அப்ப கேள்வி விளங்கேல்லை."

"இப்ப விளங்குதோ?"

"யா" என்றேன். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

அக்னேட்டே மெல்ல எழுந்தார். கதவுப் பக்கம் இரண்டடி வைத்தார். கால் மடிந்தது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நாங்கள் நான்கு பேரும் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஒரேயடியாகப் பாய்ந்தோம். தமக்கை மகன் கோப்பியைத் தன்மேலேயே கவிழ்த்துக்கொண்டார். நான் தாதியின் காலை மிதித்தேன்.

அக்னேட்டே விழவில்லை. சாய்ந்த இடத்திலிருந்து அப்படியே நிமிர்ந்து, ஒற்றைக் காலில் நின்று, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எத்தினை படத்தில விழுந்து காட்டினன். சனம் எல்லாம் இருந்துகொண்டுதான் பார்த்தது. இண்டைக்குத்தான் முதல் தரம் எழும்பி நிண்டு பாக்கினம்."

முதலில் சிரித்தது தாதிதான். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையில் கவிழ்ந்தார். நிமிர்ந்தார். திரும்பவும் கவிழ்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, கண்ணைத் துடைத்தபடி, "இதைத்தானோ நீர் எழுதினனீர்?" என்று கேட்டார்.

அப்படியானால் அந்த முதல் விழுகை? நிஜமா, நடிப்பா? அக்னேட்டேயிடம் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டத்தின் முடிவில் ஓர் ஆளை அனுப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். என்னைத்தான் -- செவ்வாயும் வியாழனும், டேனிஷ் எழுத்து வகுப்புக்கு.